கவுன்சிலர் இல்லாத 28 ஆண்டு! சென்னைத் தெருக்களைத் தாங்கிப் பிடித்த நலச்சங்கங்கள்
10 ரூபாய் சந்தாவில் சாதித்தது என்ன? சாதிக்க முடியாமல் போனது என்ன?

தெரு விளக்கு எரியவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டு வாசலில் ஓடுகிறது. குழாயில் வரும் தண்ணீர் நாறுகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

"கவுன்சிலரைப் போய்ப் பாருங்க" என்பார்கள்.

அந்தக் கவுன்சிலரே இல்லாவிட்டால்?

அப்படி ஒரு காலம் சென்னை நகருக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை 1973 முதல் 1996 வரை. இரண்டாம் முறை 2016 முதல் 2022 வரை. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 28 ஆண்டு!

அந்த 28 ஆண்டும் பல தெருக்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தார். ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஒரு லெட்டர் பேடு, ஒரு ரசீது புத்தகம். இவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்த ஆயுதம்.

அதன் விவரம் வருமாறு:-

23 வயது வரை கவுன்சிலரைப் பார்க்காத பிள்ளைகள்

சென்னை மாநகராட்சி சாமானியமானது அல்ல. 1688-ம் ஆண்டு தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையான மாநகராட்சி இதுதான்.

அப்படிப்பட்ட மாநகராட்சியின் மன்றம் 1973-ம் ஆண்டு கடைசியில் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராத ஆட்களின் பெயரை எழுதிப் பணம் எடுத்ததாக எழுந்த "மஸ்டர் ரோல்" விவகாரம்தான் காரணம். மேயர் போனார். கவுன்சிலர்கள் போனார்கள். தனி அதிகாரி வந்தார்.

"சீக்கிரம் தேர்தல் வந்துவிடும்" என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை.

ஆட்சிகள் மாறின. முதல்-மந்திரிகள் மாறினார்கள். நகரம் நாலாபக்கமும் வீங்கியது. வயல் இருந்த இடத்தில் காலனி வந்தது. ஏரிக்கரையில் நகர் வந்தது. ஆனால் மாநகராட்சித் தேர்தல் மட்டும் வரவே இல்லை.

கடைசியில் 1996-ம் ஆண்டு அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. மு.க.ஸ்டாலின் மேயர் ஆனார். மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் சென்னை மேயர் அவர்.

1973-ல் பிறந்த குழந்தைக்கு அப்போது 23 வயது! தன் வார்டுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் உண்டு என்பதையே அந்தப் பிள்ளை பார்த்தது இல்லை.

இந்த இடைவெளியில்தான் தெருவுக்குத் தெரு, நகருக்கு நகர் சங்கங்கள் வளர்ந்தன.

புதுக் காலனிக்குக் குடிவந்தவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். பாங்கி குமாஸ்தா, ரெயில்வே ஊழியர், தபால் ஆபீசு ஊழியர், வாத்தியார். வீடு கட்டிவிட்டார்கள். ரோடு இல்லை. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டும்.

தனி ஆளாக ஆபீசுக்குப் போனால் "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். 50 பேர் கையெழுத்துடன் போனால் உட்காரச் சொல்வார்கள். அந்த வித்தியாசம் புரிந்தவுடன் சங்கம் பிறந்தது.

தலைவர், செயலாளர், பொருளாளர். செயலாளர் பெரும்பாலும் ரிடையர்டு ஆனவர். மனு எழுதத் தெரிந்தவர். எந்த ஆபீசில் எந்த மேஜையில் எந்த பைல் தூங்குகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நாலு முறை நடக்கச் சளைக்காதவர்.

அந்த நடைக்குத்தான் ரோடு வந்தது, விளக்கு வந்தது, பஸ் வந்தது.

1989-ல் வந்த 10 ரூபாய் வைத்தியம்

விளக்கும் ரோடும் அரசாங்கம் போட வேண்டியவை. மனு கொடுக்கலாம், காத்திருக்கலாம். குப்பை காத்திருக்குமா? அது தினம் சேரும்.

அப்போது தெருமுனைக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கும். அதற்குள் குப்பை இருந்ததை விடச் சுற்றி இருந்ததுதான் அதிகம். மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்தடி தூரத்தில் இருந்தே வீசுவார்கள். மாடு கிளறும். நாய் இழுக்கும். லாரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு 1989-ம் ஆண்டு சென்னையில் ஒரு வைத்தியம் பிறந்தது. அதன் பெயர் எக்ஸ்னோரா. தொடங்கியவர் எம்.பி.நிர்மல். பாங்கி அதிகாரி. சிறந்த, புதுமையான, தீவிரமான யோசனைகள் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முன் எழுத்துக்களைச் சேர்த்து வைத்த பெயர் அது.

வைத்தியம் ரொம்ப எளிது.

ஒரு தெருவில் 75 முதல் 100 குடும்பங்கள் ஒன்று சேர வேண்டும். வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், 15 ரூபாய் என்று சந்தா. அந்தப் பணத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி. அதை ஓட்ட ஒரு ஆள். அவர் தினமும் காலையில் வீடு வீடாக வந்து குப்பையை வாங்கிக்கொண்டு போவார். மாநகராட்சி லாரி எடுக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அந்த ஆளைக் "குப்பைக்காரர்" என்று கூப்பிடக் கூடாது என்று ஏற்பாடு. "தெருவை அழகுபடுத்துபவர்" என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 80 வீடு, வீட்டுக்கு 10 ரூபாய் என்றால் மாதம் 800 ரூபாய். அன்றைய விலைவாசியில் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, வண்டிச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டவும் அது போதும்.

முதலில் கிண்டல் செய்தார்கள். "வீட்டு வரி கட்டுறோம். அப்புறம் எதுக்கு இது?" என்று கேட்டவர்கள் உண்டு. "அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கட்டும், நான் கொடுக்கிறேன்" என்று நழுவியவர்கள் உண்டு. வண்டிக்காரர் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு, அவர் போனபின் தெருமுனையில் பையை வீசியவர்களும் உண்டு!

ஆனால் ஒரு தெரு சுத்தமானதும் பக்கத்துத் தெருவுக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமை நல்ல வேலை செய்தது. 1990-களில் சென்னையில் நூற்றுக்கணக்கான தெருக்களில் எக்ஸ்னோரா வண்டி ஓடியது. மற்ற ஊர்களுக்கும் பரவியது.

பல தெருக்களில் சந்தா வசூலும் மேற்பார்வையும் இல்லத்தரசிகள் கையில் இருந்தன. "என்ன மாமி, இந்த மாசம் இன்னும் வரலையே?" என்று வாசலில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

குப்பையோடு சங்கத்தின் வேலை நிற்கவில்லை. பணம் கொடுத்தவர் கூட்டத்துக்கு வந்தார். கூட்டத்துக்கு வந்தவர் கேள்வி கேட்டார். "நாம ஆள் வச்சுத் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். லாரி ஏன் வரலை?" என்று மாநகராட்சியிடம் போய் நின்றார்கள். தெருவில் மரம் நட்டார்கள். மழை நீரைப் பூமிக்குள் விடக் குழி தோண்டினார்கள். 2003-ம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழை நீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது இந்த வேலை இன்னும் வேகம் பிடித்தது.

ஆலந்தூரில் வீட்டுக்கு ரூ.5 ஆயிரம்!

மாதம் 10 ரூபாய் கொடுப்பது பெரிய விஷயம் இல்லை. ஒரேயடியாக 5 ஆயிரம் ரூபாய் கொடுப்பார்களா? அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கு அடியில் போகும் குழாய்க்கு?

கொடுத்தார்கள். அந்த ஊர் ஆலந்தூர்.

கிண்டிக்குத் தெற்கே, பரங்கிமலையை ஒட்டி உள்ள ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. மாநகராட்சியில் சேரவில்லை. அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். லாரி வந்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும். கொசு சொல்லவே வேண்டாம்.

1996 தேர்தலில் ஆலந்தூர் நகராட்சித் தலைவராக ஆர்.எஸ்.பாரதி வந்தார். பாதாளச் சாக்கடை போடுவது என்று முடிவு ஆனது. ஆனால் நகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. கடன் வாங்க வேண்டும். கூடவே மக்களும் பணம் போட வேண்டும். வீட்டு இணைப்புக்கு ரூ.5 ஆயிரம். கடை, வியாபார நிறுவனம் என்றால் ரூ.10 ஆயிரம். அதுவும் வேலை தொடங்கும் முன்பே!

"பணத்தை வாங்கிட்டுப் போயிடுவாங்க. குழாய் வருமா, வராதா, யாருக்குத் தெரியும்?" இப்படித்தான் ஜனங்கள் முதலில் பேசினார்கள். அதில் தப்பும் இல்லை. தோண்டிய பள்ளத்தை மூடாமல் போன கதை எல்லா ஊரிலும் உண்டு.

இங்கேதான் நலச்சங்கங்கள் இறங்கின. நகராட்சி அதிகாரி வந்து கேட்டால் "யோசிக்கிறேன்" என்பவர், தன் தெருச் சங்கச் செயலாளர் வந்து கேட்டால் உட்காரவைத்துப் பேசுவார். சங்கத்தார் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். நகராட்சியும் சங்கங்களைக் கூட்டிவைத்துத் திட்டத்தை விளக்கியது.

பணம் சேர்ந்தது. 2000-ம் ஆண்டில் வேலை தொடங்கியது. சுத்திகரிப்பு நிலையம் பெருங்குடியில் அமைந்தது. வீடுகளுக்கு இணைப்பு கிடைத்தது. செப்டிக் டேங்க் லாரிக்குச் சொல்லி அனுப்பும் தொல்லை தீர்ந்தது.

மக்கள் முன்பணம் போட்டுப் பாதாளச் சாக்கடை அமைத்த ஆலந்தூர், மற்ற ஊர் நகராட்சிகள் வந்து பார்த்துப் போகும் ஊரானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலந்தூரில் சங்கமும் இருந்தது. ஓட்டுப் போட்டு வந்த நகராட்சி மன்றமும் இருந்தது. கடன் வாங்கவும், ஒப்பந்தம் போடவும், ரோட்டைத் தோண்டவும் மன்றத்துக்குத்தான் அதிகாரம் உண்டு. ஜனங்களை நம்பவைக்கச் சங்கத்தால்தான் முடியும். இரண்டு கையும் தட்டியதால் ஓசை வந்தது.

தனியார் வண்டி வந்தது, சந்தா நின்றது

இந்த நேரத்தில் சென்னை நகருக்குள் வேறு கதை நடந்தது.

2000-ம் ஆண்டு மாநகராட்சியின் சில மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. புது லாரி, புதுத் தொட்டி, சீருடை போட்ட ஊழியர்கள். மற்ற மண்டலங்களிலும் நாளடைவில் வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் முறை வந்தது.

நல்லதுதானே! நல்லதுதான். ஆனால் தெருச் சங்கத்தின் பெட்டி காலி ஆனது.

"கார்ப்பரேஷனே வருது. நமக்கு எதுக்குச் சந்தா?" என்றார்கள். மூன்று சக்கர வண்டி ஓரம் கட்டப்பட்டது. துருப் பிடித்தது. வண்டி நின்றதும் மாத வசூல் நின்றது. வசூல் நின்றதும் மாதக் கூட்டம் நின்றது. கூட்டம் நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட மறந்துபோனது.

குப்பை வண்டி சரியாக வரும் வரை யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. வண்டி நாலு நாள் வராதபோதுதான் தெரிந்தது. போய்க் கேட்க ஆள் இல்லை!

எல்லாச் சங்கமும் இப்படி ஆகவில்லை. குப்பையை மட்டும் நம்பி இருந்த சங்கங்கள் படுத்தன. பூங்கா, நூலகம், தண்ணீர், ரத்த தானம், பொங்கல் விளையாட்டு என்று நாலு வேலை வைத்திருந்த சங்கங்கள் பிழைத்தன.

2011-ல் சென்னை பெரிதானது. ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர், வளசரவாக்கம், மாதவரம் உள்பட 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோ மீட்டர் 426 ஆனது. 155 வார்டு 200 ஆனது. முன்பு பேரூராட்சி ஆபீசுக்கு நடந்துபோய்த் தலைவரையே பார்த்த ஜனங்கள், இப்போது மண்டல ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டி வந்தது.

மறுபடியும் காலி நாற்காலி

2016-ம் ஆண்டு அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை ஐகோர்ட்டு ரத்து செய்தது. அந்த மாதமே மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலமும் முடிந்தது. மறுபடியும் தனி அதிகாரி.

அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதி. நடுவில் 5 ஆண்டு 4 மாதம்.

அந்த 5 ஆண்டில் சென்னை பட்டது கொஞ்சமா?

2016 டிசம்பர் 12-ந் தேதி "வர்தா" புயல் அடித்தது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் அறுக்கும் ரம்பத்தைத் தேடித் தெரு ஜனங்களே ஓடினார்கள். அதற்கு முந்திய ஆண்டு, 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு, அடையாறு பொங்கி வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் அவர்களுக்கு ஒரு பாடம் சொல்லி இருந்தது. எந்த வீட்டு மாடியில் ஆட்களை ஏற்றலாம், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார் என்ற விவரம் அரசாங்கத்தின் பைலில் இருக்காது. தெருக்காரருக்குத்தான் தெரியும்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலில் வந்தது. தெருவுக்கு லாரி வந்தால் குடம் குடமாக வரிசை. நள்ளிரவில் லாரி வந்தாலும் சண்டை இல்லாமல் பிடித்தாக வேண்டும். சங்கம் இருந்த தெருவில் டோக்கன் போட்டார்கள். இல்லாத தெருவில் தலைமுடியைப் பிடித்தார்கள்.

அதே 2019-ல் தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் ஜனங்கள் தங்கள் ஏரியைத் தாங்களே சுத்தம் செய்ய இறங்கினார்கள். அது அப்போது பேரூராட்சி. அங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. விடுமுறை நாட்களில் ஆண், பெண், பிள்ளைகள் என்று கையுறை மாட்டிக்கொண்டு குப்பை அள்ளினார்கள். செய்தி பரவியது. ஏரியைச் சீரமைக்க அரசு ரூ.25 கோடி ஒதுக்கியது.

அங்கேயும் கதை அதேதான். குப்பையை அள்ளக் கை போதும். ஏரியைத் தூர்வாரிக் கரை கட்ட அரசாங்கப் பணம் வேண்டும்.

2020-ல் கொரோனா வந்தது. ஊரடங்கில் தனியாக இருந்த முதியவர்களுக்கு மருந்து, காய்கறி, பால் என்று சங்கத்தார் ஓடினார்கள். கிருமிநாசினி தெளிக்கச் சொல்லி ஆபீசுக்கு விடாமல் போன் போட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு.

அதே கொரோனா நேரத்தில் பல குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்யும் பெண்களை கேட்டிலேயே நிறுத்தினார்கள். வீட்டுக்காரர்கள் கடைக்குப் போய் வந்தார்கள். கூரியர் ஆள் வந்து போனார். வேலைக்கார அம்மா மட்டும் வரக் கூடாது. நோய் பயம் எல்லோருக்கும் இருந்தது. சம்பளம் நின்றது ஒருவருக்குத்தான்.

சங்கம் என்றால் யார்? பல இடங்களில் சொந்த வீட்டுக்காரர் மட்டும்தான். வாடகைக்கு இருப்பவர் சந்தா கட்டலாம், கூட்டத்தில் பேசக் கூடாது. "நீங்க நாளைக்குக் காலி பண்ணிட்டுப் போயிடுவீங்க" என்பார்கள். பத்து ஆண்டாக அதே தெருவில் இருந்து, பிள்ளைகளை அங்கேயே படிக்கவைத்தவருக்கும் இதே பதில்.

தெருக்கோடியில் குடிசைப் பகுதி இருக்கும். அவர்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எந்தச் சங்க மனுவிலும் ஒரு வரி இருக்காது. அவர்கள் நம்பி இருந்தது கவுன்சிலரைத்தான். ஓட்டு வேண்டும் என்றால் அவர் அங்கே வந்துதான் ஆக வேண்டும். கவுன்சிலர் இல்லாத 28 ஆண்டில் மாடி வீட்டுக்காரருக்குச் சங்கம் இருந்தது. குடிசைக்காரருக்கு?

நடைபாதை வியாபாரிகளைப் பற்றியும் இதே தகராறு. "எங்க தெருவில் தள்ளுவண்டி நிற்கக் கூடாது" என்று மனு கொடுத்தவரே, சாயங்காலம் அந்த வண்டியில் பேரம் பேசித் தக்காளி வாங்குவார்! 2014-ம் ஆண்டின் நடைபாதை வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டியது. நகர விற்பனைக் குழு என்று ஒன்று அமைத்து, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளும், கூடவே நலச்சங்கப் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும் என்றது. அதாவது மனு போடுவதற்கு முன் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுங்கள் என்றது.

கணக்குத் தகராறு தனி. "போன வருஷம் வசூல் பண்ணின பணம் எங்கே?" என்ற ஒரு கேள்வியில் உடைந்த சங்கங்கள் உண்டு. ஒரே தெருவில் இரண்டு சங்கம், இரண்டு தலைவர், இரண்டு போர்டு என்று ஆன கதையும் உண்டு.

ஓட்டு இருந்தாலே போதும்

2022-ல் தேர்தல் நடந்தது. 200 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்தார்கள். ஆர்.பிரியா மேயர் ஆனார்.

அதே ஆண்டில் இன்னொரு மாறுதலும் வந்தது. வார்டு கமிட்டி, ஏரியா சபை அமைக்க தமிழக அரசு விதிகளை வெளியிட்டது. கிராமத்தில் கிராம சபை கூடுவது போல, நகரத்தில் ஏரியா சபை. 2022 நவம்பர் 1-ந் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

சங்கத்துக்கும் ஏரியா சபைக்கும் என்ன வித்தியாசம்?

சங்கத்தில் சந்தா கட்டினால்தான் உறுப்பினர். ஏரியா சபையில் அந்தப் பகுதியில் ஓட்டு இருந்தாலே போதும். வீட்டுக்காரர், வாடகைக்காரர், குடிசைக்காரர், கடைக்காரர், வீட்டு வேலை செய்யும் அம்மா எல்லோரும் அங்கே ஒன்று. யாரும் எழுந்து கேட்கலாம்.

அப்படியானால் சங்கம் வேண்டாமா? வேண்டும். ஏரியா சபை சில மாதங்களுக்கு ஒரு முறை கூடும். பேசும். கலையும். அங்கே பேசியது நடந்ததா என்று மறுநாள் காலையில் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலை சங்கத்துக்குக் கைவந்த கலை. ஏரியா சபையில் குடிசைக்காரரும் எழுந்து கேட்கட்டும். அவர் கேட்டதையும் சேர்த்து எழுதிக்கொண்டு சங்கச் செயலாளர் ஆபீசுக்கு நடக்கட்டும்.

ஆலந்தூர் சாக்கடை சொன்ன பாடம் இதுதான். சங்கம் மட்டும் இருந்தால் குப்பை அள்ளலாம், டோக்கன் கொடுக்கலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம். கவுன்சிலர் மட்டும் இருந்தால் திட்டம் வரும், அதை ஜனங்கள் நம்ப வேண்டுமே! இரண்டும் இருந்த இடத்தில்தான் மண்ணுக்கு அடியில் குழாய் போனது.

சங்கம் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

* 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் ஆபீசில் பதிய வேண்டும். சங்கத்தின் நோக்கம், விதிகள் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும்.

* நிர்வாகக் குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும். வரவு-செலவு கணக்கு காட்ட வேண்டும். கணக்கை ஒழுங்காகக் காட்டினால் பாதிச் சண்டை குறையும்.

* விதி எழுதும்போதே வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினர் ஆகலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. தெருவில் பாதிப் பேர் அவர்கள்தான்.

* மாநகராட்சிக்கு மனு கொடுத்தால் நகலில் தேதியுடன் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். 1913 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து புகார் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத புகார் காற்றோடு போன பேச்சு.

* பதில் வராவிட்டால் 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் மனு இப்போது எந்த அதிகாரியிடம் இருக்கிறது?" என்று ஒரு வரி கேட்டாலே தூங்கும் பைல் எழுந்து உட்காரும்.

2022-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குக் காலம் 5 ஆண்டு. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தேர்தல் குறித்த நேரத்தில் நடக்க வேண்டும். நலச்சங்கங்கள் இனிமேல் விளக்குக்கும் ரோட்டுக்கும் கொடுக்கும் மனுக்களோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம். 23 ஆண்டு ஒரு முறை, 5 ஆண்டு ஒரு முறை என்று காலி நாற்காலியைப் பார்த்து மனு கொடுத்தது போதும்!